நடந்தால் வலி, நின்றால் சுகம்: கால் நாடிகள் ஒடுங்கும்போது

ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து போகிற வழியில் ஒருவர் நிற்கிறார். கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறார், அல்லது நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்க்கிறார். இரண்டு நிமிடம் போனதும் நடக்கத் தொடங்குகிறார். இன்னும் ஒரு இருநூறு யார் போனதும் திரும்பவும் நிற்கிறார். ரூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் இப்படி நிற்கிற எங்கள் பெரியவர்களை நாம் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கிறோம். "என்னண்ணை நிண்டிட்டியள்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை, கால் கொஞ்சம் உளையுது" என்பார்கள்.

அந்த உளைவுக்கு எம்மவர்களிடம் காரணங்களுக்குக் குறைவில்லை. இந்த நாட்டுக் குளிர். பெற்றோல் நிலையத்திலும் கடைக் கவுண்டரிலும் இருபது வருடம் நின்ற நிலை. வாதம். வயது. சிலருக்கு, எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ காலில் பட்ட ஷெல் துண்டு. இவற்றில் எதுவும் பொய்யான காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நடந்தால் வருவதும் நின்றால் போவதுமாக ஒரு வலி ஒழுங்காக வந்து போகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளை.

பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துக்கொள்வோம். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்பவை நாடிகள், திருப்பிக் கொண்டு வருபவை நாளங்கள். வயிற்றுக்குள் இறங்கும் பெருநாடி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து, தொடை வழியாகவும் முழங்காலின் பின்பக்கமாகவும் ஓடி, முழங்காலுக்குக் கீழே மூன்று சிறு நாடிகளாகிப் பாதத்தை அடைகிறது. இந்தப் பாதையின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி ஒடுங்குகிறது. இதயத்தின் நாடியில் இது நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் நாடியில் நடந்தால் பக்கவாதம். காலில் நடப்பதும் அதே நோய்தான். சும்மா இருக்கும்போது தசைக்குக் கொஞ்ச இரத்தம் போதும். நடக்கும்போது பல மடங்கு வேண்டும். ஒடுங்கிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது. தசை வலிக்கிறது, நின்றதும் கடன் அடைபட்டு வலி நீங்குகிறது. பெரும்பாலும் வலிப்பது கெண்டைக்கால். அடைப்பு மேலே இருந்தால் தொடையிலும் பிட்டத்திலும் வலிக்கும். ஜெர்மனியில் இருக்கும் எமது உறவுகளுக்கு இதன் பெயர் தெரிந்திருக்கலாம். அந்த மொழியில் மக்கள் இதை 'கடைக்கண்ணாடி நோய்' என்கிறார்கள். வலியை மறைக்கக் கடைக் கண்ணாடியைப் பார்த்து நிற்பது எங்களுடைய பழக்கம் மட்டுமல்ல.

பிரித்தானியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கால் நாடி நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அவர்களில் பலருக்கு எந்த வலியும் இல்லை.

ஓர் அரசனின் கால்

இந்த நோய் லண்டனின் மிகப் பெரிய வீட்டுக்குள்ளும் புகுந்திருக்கிறது. எமது தாத்தா பாட்டிமார் சதக் காசிலும் முத்திரையிலும் பார்த்த ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கு, இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில், கால் பிடிப்பு தொடங்கியது. பிறகு பாதம் விறைத்தது. அவர் கடுமையாகப் புகைப்பவர். ஆண்டின் இறுதியில் வைத்தியர்கள் பார்த்தபோது, இரத்த ஓட்டம் போதாமல் வலது காலையே எடுக்க வேண்டி வரலாம் என்ற பயம் இருந்தது. அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணம் ஒத்திவைக்கப்பட்டது. 1949 மார்ச் 12ஆம் திகதி பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளேயே சத்திரசிகிச்சை நடந்தது. எடின்பரோவிலிருந்து வந்த ஜேம்ஸ் லியர்மந்த் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளை இடுப்புப் பகுதியில் வெட்டிவிட்டார். அன்று செய்யக்கூடியதாக இருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். அடைபட்ட நாடியைத் திறக்கும் வழி அப்போது கையில் இருக்கவில்லை.

மன்னரின் கால் தப்பியது. ஆனால் 1951 செப்டெம்பரில் புற்றுநோய்க்காக இடது நுரையீரலை எடுத்தார்கள். 1952 பெப்ரவரி 6ஆம் திகதி, 56 வயதில், இதய நாடி அடைப்பினால் தூக்கத்திலேயே இறந்தார்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது கடைசி வரியைத்தான். நடக்கும்போது மட்டும் கால் வலிக்கும் நிலையில் இருப்பவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் காலை இழப்பவர்கள் நூற்றுக்கு ஓரிருவர். அதே காலத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வருவது ஐந்தில் ஒருவருக்கு. ஒடுங்கிய கால் நாடி, ஒடுங்கிக்கொண்டிருக்கும் இதய நாடியைப் பற்றித் தகவல் சொல்கிறது. "கால்தானே" என்று விட்டுவிடுகிறவர் உண்மையில் இதயத்தைத்தான் விட்டுவிடுகிறார்.

எமக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மேற்கு லண்டனின் சவுத்தோல், பிரென்ட் பகுதிகளில் 1988 முதல் 1991 வரை ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. எண்பது வயதுக்குள் ஐரோப்பிய வம்சாவளியினரில் பத்தில் இருவருக்கு நீரிழிவு என்றால், தெற்காசியரில் பத்தில் நால்வருக்கு அது இருந்தது. இன்னொரு பக்கம், இந்த நாட்டில் நீரிழிவுள்ள தெற்காசியர் கால் இழப்பது வெள்ளையர்களை விடக் குறைவு என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைவாகப் புகைப்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நல்ல செய்திதான். அதை எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட முடியாது. புகைக்கிற எம்மவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டோடு வளர்ந்த தலைமுறைக்கும், வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்கிறவர்களுக்கும், வேலை இடைவேளையில் சிகரெட் பற்றுகிற இளையவர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வலிக்காத கால்

நீரிழிவு கூட இருந்தால் நோயின் முகமே மாறிவிடுகிறது. அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள சிறு நாடிகளில் வருகிறது. அதோடு நரம்பு விறைத்துப்போவதால் வலி தெரிவதில்லை. நடந்தால் நோகும் என்ற எச்சரிக்கையே கிடைக்காமல், ஒரு நாள் பெருவிரல் நுனியில் ஆறாத புண்ணாக அது வெளியே வருகிறது.

ஆகவே வலி இல்லாதவர்கள் கண்ணைத்தான் நம்ப வேண்டும். பாதம் ஒன்று மற்றதை விடக் குளிர்ந்திருக்கிறதா, முழங்காலுக்குக் கீழே மயிர் உதிர்ந்து தோல் மினுங்குகிறதா, நகம் தடித்துவிட்டதா, விரலிடுக்கில் வெடிப்பா, குதியில் கறுப்பா. குனிய முடியாதவர் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். வீட்டில் ஒருவர் பார்ப்பது இன்னும் நல்லது. அம்மாவின் காலைத் தொட்டுப் பார்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பு தேவையில்லை.

எமது பழக்கங்கள் சிலவற்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். குளிர் நாளில் பாதத்தை ஹீற்றரோடு ஒட்டி வைத்துக்கொள்வதும், சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் போட்டுப் படுப்பதும் உணர்வில்லாத காலில் தீப்புண்ணாக முடியும். ஆவணியில் ஊருக்குப் போய் நல்லூர் வீதியில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நடப்பதும், மேற்கு ஈலிங்கில் அம்மன் தேர் வீதியுலா வரும்போது தார் வீதியில் செருப்பில்லாமல் மணிக்கணக்காகப் பின்னால் போவதும் அப்படித்தான். நேர்த்தியை விடச் சொல்லவில்லை. காலில் உணர்வு குறைந்தவர்கள் தடித்த காலுறை போட்டுக்கொண்டு போகட்டும், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்க்கட்டும். அம்மன் கோபிக்கமாட்டாள். சப்பாத்துப் போடுமுன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பதும், ஆணிக்கால் தடிப்பைப் பிளேட்டால் சீவாமல் இருப்பதும் சின்ன விடயங்கள். அவற்றைச் செய்யாமல் விட்டதால் தொடங்கிய புண்கள் ஏராளம்.

நீரிழிவுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை இந்த நாட்டில் உரிமை. மெல்லிய நார் ஒன்றால் தொட்டு உணர்வையும், கையால் நாடித்துடிப்பையும் பார்ப்பார்கள். சப்பாத்தைக் கழற்றாமல் ஒரு பரிசோதனை முடிந்தால் அது பாதப் பரிசோதனை அல்ல. அப்போது வாயைத் திறந்து கேட்க வேண்டும். காலில் புதிதாகப் புண், நிறமாற்றம், வீக்கம் என்று ஏதாவது வந்தால், ஒரு வேலைநாளுக்குள் பாதப் பராமரிப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று நைஸ் வழிகாட்டி சொல்கிறது. இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்ற பதிலை இந்த ஒரு விடயத்தில் நாம் ஏற்கத் தேவையில்லை.

இப்படி ஒரு குழு வேண்டும் என்ற யோசனைக்கும் லண்டனில் வரலாறு உண்டு. டென்மார்க் ஹில்லில் உள்ள கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் 1981இல் மைக்கேல் எட்மண்ட்ஸ் நீரிழிவுப் பாதங்களுக்கென்றே ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். வைத்தியர், பாத சிகிச்சையாளர், சப்பாத்துச் செய்பவர், தாதி, சத்திரசிகிச்சை நிபுணர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். சில ஆண்டுகளிலேயே அங்கே பெரிய கால் அகற்றல்கள் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் காரணமில்லை. நேரத்தோடு ஆட்கள் ஒன்றுசேர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வைத்தியரிடம் போனால்

குடும்ப வைத்தியரிடம் "கால் நோகுது" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரை கிடைக்கலாம். "இத்தனை யார் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் இத்தனை நிமிடத்தில் போய்விடுகிறது, மேட்டில் ஏறினால் சீக்கிரம் வருகிறது" என்று சொல்ல வேண்டும். பஸ் தரிப்பிடக் கணக்கில் சொன்னாலும் போதும். முள்ளந்தண்டு நரம்பு நெருங்குவதாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி சும்மா நின்றால் போகாது. இருந்தாலோ, கடைத் தள்ளுவண்டியில் முன்னால் சாய்ந்து நடந்தாலோ குறையும். அந்த வேறுபாட்டை வைத்தியர் உங்கள் வாயிலிருந்துதான் அறிய முடியும்.

மொழி இடறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், என்எச்எஸ்ஸில் அது இலவசம். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது வேண்டாம். மகளுக்கு முன்னால் எத்தனை சிகரெட் என்ற கணக்கு எப்போதும் பாதியாகிவிடும்.

அடுத்தது ஓர் எளிய சோதனை. கணுக்காலில் இரத்த அழுத்தத்தை அளந்து, கையின் அழுத்தத்தால் பிரிப்பார்கள். ஒன்றை ஒட்டி வந்தால் நல்லது. 0.9க்குக் கீழே போனால் நாடி ஒடுங்கியிருக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் நீரிழிவு நீண்டகாலம் இருந்தவர்களின் நாடி சுண்ணாம்பு ஏறி விறைத்துப்போவதால், ஒடுக்கம் இருந்தும் இலக்கம் நல்லதாகவோ, மிகக் கூடுதலாகவோ காட்டும். "ரெஸ்ற் சரியாம்" என்ற ஆறுதலோடு வந்து ஆறாத புண்ணோடு இருப்பவர், பெருவிரல் அழுத்தத்தையும் டொப்ளர் அலையையும் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். அடுத்த படிதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கான்.

மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க பெரும்பாலும் குளோபிடோகிரல் 75 மில்லிகிராம். கொலஸ்ரோலுக்கு அடோர்வாஸ்டாட்டின், பலருக்கு 80 மில்லிகிராம். இவற்றோடு இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் உரியவை. இவை கால்வலியைக் குறைப்பதற்கானவை அல்ல, மாரடைப்பைத் தடுப்பதற்கானவை. வலி குறையவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் எம்மிடையே பலர். ஸ்டாட்டினால் உடம்பு உளைகிறது என்றால் வைத்தியரிடம் சொல்லி மாற்றலாம், தானாக விடக்கூடாது. ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம் எதையாவது சேர்த்து எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீங்குகிறதே என்று கடையில் இறுக்கமான காலுறை வாங்கிப் போடுவதும் ஆபத்து. நாடி ஒடுங்கிய காலில் அது இருக்கிற இரத்தத்தையும் நிறுத்திவிடும்.

புகையை விடுவதற்கு இணையான மருந்து ஒன்றும் இல்லை. என்எச்எஸ் புகை நிறுத்தும் சேவை இலவசம். மனவுறுதியை மட்டும் நம்பி இருப்பதை விட, அதன் உதவியோடு விடுபவர்களுக்கு வெற்றி கூடுதல்.

கால்வலிக்கான மருந்து நடைதான். கேட்பதற்கு விசர்க்கதை போல இருக்கும். நடந்தால் வலிக்கிறது என்று வந்தவரிடம் நடக்கச் சொல்கிறார்கள். முறை இது: வலி தொடங்கியதும் நிற்காமல், அது கடுமையாகும்வரை நடப்பது. பிறகு நின்று, முழுதும் நீங்கியதும் மீண்டும் நடப்பது. ஓய்வையும் சேர்த்து அரை மணி முதல் ஒரு மணி நேரம், கிழமைக்கு மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். தசை கிடைக்கிற இரத்தத்தைக் கொண்டு சிக்கனமாக வேலைசெய்யப் பழகுகிறது, பக்கவழிக் குழாய்களும் வளரலாம். நடக்கும் தூரம் இரட்டிப்பாவது அரிதல்ல. இந்த வலி தசையைப் பழுதாக்காது. நெஞ்சு வலி வருபவர்களும் பாதத்தில் புண் உள்ளவர்களும் மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். கிழமைக்கு இரண்டு மணி நேரம், மூன்று மாதம், ஒருவரின் மேற்பார்வையில் நடக்கும் பயிற்சி வகுப்பைத்தான் நைஸ் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது. எல்லா இடங்களிலும் அது இல்லை என்பது இந்த நாட்டு வைத்தியத்தின் பெரிய குறை. கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் கோயில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பூங்காவில் தொடங்கலாம். கடும் குளிரிலும் மழையிலும் வெம்பிளியிலோ ஸ்ராட்போர்ட்டிலோ உள்ள கடைத் தொகுதிகள் இருக்கின்றன. அங்கே நிற்பதற்குக் கண்ணாடிகளும் உண்டு.

நாடியைத் திறப்பது

நடை, மருந்து எல்லாம் செய்தும் வாழ்க்கை முடங்கினால், அல்லது கால் ஆபத்தில் இருந்தால், குழாயைத் திறக்கும் சிகிச்சை. இது 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது. 82 வயது மூதாட்டி ஒருவர், விரல்கள் கறுத்த காலை அகற்ற மறுத்துவிட்டார். சார்ள்ஸ் டொட்டர் என்ற கதிரியக்க வைத்தியர் அவருடைய தொடை நாடியின் ஒடுக்கத்தை மெல்லிய குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்து விரித்தார். அந்த அம்மா இறக்கும்வரை தன் காலில்தான் நடந்தார். இதயத்துக்குச் செய்யும் அஞ்சியோபிளாஸ்டியின் தாய் இந்தக் கால் சிகிச்சைதான்.

இன்று கவட்டில் சிறு துளையிட்டு, பலூனை உள்ளே அனுப்பி விரிக்கிறார்கள். தேவையானால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். நீண்ட அடைப்புக்கு பைபாஸ். காலின் உட்பக்கத்தில் ஓடும் தன் சொந்த நாளத்தையே எடுத்து அடைப்பைத் தாண்டித் தைப்பார்கள். இதய பைபாஸுக்கும் அதே நாளத்தைத்தான் எடுப்பது வழக்கம் என்பதால், முன்பு அது செய்தவர்கள் எந்தக் காலிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். லண்டனில் இவை சென் தோமஸ், ரூட்டிங் சென் ஜோர்ஜ், ரோயல் ஃப்ரீ, ரோயல் லண்டன் போன்ற பெரிய வைத்தியசாலைகளில் நடக்கின்றன. பலூனும் பைபாஸும் காலத்தோடு மீண்டும் அடைபடக்கூடியவை. புகைத்துக்கொண்டிருப்பவருக்கு இன்னும் சீக்கிரமாக.

அவசரம் எது என்பதையும் தெரிந்துகொள்வோம். படுத்தால் பாதம் வலிக்கிறது, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால் சுகம், அதனால் அப்பா இப்போது கதிரையில்தான் நித்திரை கொள்கிறார் என்றால், அதை வயதுக் கோளாறு என்று எடுக்கக்கூடாது. கீழே தொங்கும்போது புவியீர்ப்பு இரத்தத்தை இழுத்துக் கொடுக்கிறது. படுத்தால் அதுவும் இல்லை. கால் ஆபத்தின் விளிம்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. அன்றே வைத்தியருக்கு அழைக்க வேண்டும். இந்த நிலையில் வெளிநோயாளராகப் பார்க்கப்படுபவருக்கு 14 நாட்களுக்குள்ளும், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவருக்கு 5 நாட்களுக்குள்ளும் இரத்த ஓட்டத்தைச் சீர்செய்ய வேண்டும் என்பது இந்நாட்டு இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை சங்கத்தின் இலக்கு. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் இந்த இலக்கங்களைச் சொல்லிக் கேட்கலாம். புண்ணோடு காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம் இருந்தால் நேரே அவசரப் பிரிவு. கால் திடீரென்று வெளிறி, குளிர்ந்து, தாங்க முடியாமல் வலித்து, விரலை அசைக்க முடியாமல் போனால் 999. அங்கே மணித்தியாலங்கள்தான் கணக்கு, ஆறு மணி நேரத்துக்கு மேல் தசை தாங்காது.

கால் இழப்பது என்றால் எமது தலைமுறைக்குக் கண்ணிவெடியும் ஷெல்லும்தான் ஞாபகம் வரும். ஜெய்ப்பூர்க் காலோடு ஊரில் நடப்பவர்கள் எல்லோர் குடும்பத்திலும், இல்லையென்றால் அயலிலாவது இருக்கிறார்கள். அந்தக் கால்களுக்கு யாரும் முன்கூட்டி எச்சரிக்கை தரவில்லை. இங்கே நாடி மாதக்கணக்காக, சில வேளை ஆண்டுக்கணக்காகத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்து காலுறையைக் கழற்றும்போது, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வர எத்தனை தரம் நின்றார் என்று கேளுங்கள்.